எர்த் பட்டையும் அடகுச் சங்கிலியும்



கம்பம் பள்ளத்தாக்கில் அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். விடிகாலை நாலு மணி, ஆனி மாதச் சாரல். தெருவில் நாலு பேர் ஒரு வேனைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் நான்.

1969-இல் புனேயின் பஜாஜ் டெம்போ மெட்டடோரைக் கொண்டுவந்தது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு 20-உம் வந்தது. இப்படி லாரிக்கும் ஜீப்புக்கும் நடுவில் வேன் என்று ஒன்று நம் பக்கம் நுழைந்தது. திராட்சையும் தக்காளியும் ஏற்றக் கச்சிதமான வண்டி. 1988-இல் நானும் மச்சானும் சேர்ந்து, பத்து வருடம் ஓடிய ஒரு டீசல் வேனை வாங்கினோம். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். குறை கம்பெனியுடையது அல்ல.

மழைக்காலம் வந்ததும் வண்டி மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு நாள் லோயர்கேம்ப்பில் டீ குடிக்க நிறுத்தியவர்கள் மறுபடி கிளப்ப முடியவில்லை. கோட்டயம் போய்ச் சேரும்போது சந்தை முடிந்துவிட்டது. திராட்சை பாதி விலைக்குப் போயிற்று.

"பாட்டரிக்கு இழுவை இல்லை" என்றார் ஒருவர். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் புது பாட்டரி போட்டோம். ஒரு வாரம்கூட ஓடவில்லை. "செல்ஃப் போச்சு" என்றார் இன்னொருவர். கழற்றி கார்பன் மாற்றினோம். மறுபடியும் 'டிக்'.

கடைசியில் கம்பத்தில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனோம். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு ஹெட்லைட்டைப் பார்த்தார். கொஞ்சமும் மங்கவில்லை. ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுக் கையை உதறினார், சுட்டது. ஒரு தடித்த ஒயரை எடுத்து இன்ஜினுக்கும் பாட்டரியின் மைனஸுக்கும் நடுவே பிடித்தார். சட்டென்று ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு தம்பி. சேசிஸோட அதைச் சேர்க்கிறது ஒரு எர்த் பட்டைதான். போன கரண்டு திரும்பி வரணும்ல? பட்டை இத்துப்போச்சு. வழியில்லாம கேபிள் வழியா வருது" என்றார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். 1912-இல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப், அமெரிக்காவின் காடிலாக் காரில் வந்தது. வண்டியின் இரும்பு உடம்பையே திரும்பி வரும் ஒயராக வைத்துக்கொண்டால் செம்பு மிச்சம். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பிளஸ்தான் உடம்பில் இருக்கும். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்த 1960-களில் மைனஸ் எர்த் நிலைத்தது. பாய் இரண்டு முறையிலும் வேலை பார்த்தவர். அதனால்தான் எர்த்தை அவர் முதலில் பார்த்தார்.

மற்றவர்கள் ஏன் ஏமாந்தார்கள்? கணக்கு எளிது. செல்ஃபுக்கு 200 ஆம்பியர் வேண்டும் என்று வையுங்கள். துருவில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 12-இல் மீதி 10. தடை இன்னும் கூடினால் செல்ஃப் அசையாது. ஹெட்லைட்டோ உடம்பின் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. இன்ஜின் பட்டை அதற்குத் தேவையே இல்லை.

பழைய வேன் வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பாட்டரி மைனஸ் கட்டையிலும், மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். பட்டையைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பட்டை இத்திருந்தால் புதிதாகப் போடுங்கள்.

எங்களுக்குப் புதுப் பட்டைக்கு ஆனது சில ரூபாய். சங்கிலியை மீட்க ஒரு வருடம் ஆயிற்று. இன்றும் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றால் என் மனைவி கேட்பது ஒன்றுதான்: "புதுசு வாங்குறதுக்கு முந்தி எர்த்தப் பாத்தீகளா?"