வங்கிக் கணக்கை மாற்றும் முன்: சலுகை, கட்டணம், இழப்பீடு – வாடிக்கையாளர் அறிய வேண்டியவை

மும்பை: ஒரு வங்கியிலிருந்து விலகி வேறு வங்கிக்கு மாறும் வாடிக்கையாளருக்கு இந்தியாவில் ரொக்கப் பரிசு கிடையாது. கைபேசி எண்ணைப் போல, கணக்கு எண்ணை உடன் எடுத்துச் செல்லும் வசதியும் கிடையாது. ஆனால், மாறும்போது பணம் இடையில் சிக்கிக்கொண்டாலோ, ரத்து செய்த தானியங்கிப் பிடித்தம் தொடர்ந்தாலோ இழப்பீடு பெறும் உரிமை உண்டு. அந்த இழப்பீட்டை, வாடிக்கையாளர் கேட்காமலேயே வங்கி கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

மும்பையின் கிழக்குப் புறநகரான மான்குர்த் போன்ற பகுதிகளில் இந்த விவரங்கள் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. ரயில் பாதையோரக் குடியிருப்புகளிலிருந்து மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காக அகற்றப்பட்ட குடும்பங்கள், இங்குள்ள லல்லுபாய் காம்பவுண்ட் உள்ளிட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மறுகுடியமர்த்தப்பட்டன. தமிழர்களும் கணிசமாக வாழும் பகுதி இது. வீடு மாறியவர்களின் கணக்கு பழைய வட்டாரத்துக் கிளையில் இருக்கும். வேலை மாறியவர்களின் ஊதியக் கணக்கு வேறொரு வங்கியில் இருக்கும். அரசு உதவித்தொகை, எரிவாயு மானியம், காப்பீட்டுப் பிரீமியம், ஊருக்கு அனுப்பும் பணம் என அனைத்தும் ஏதோ ஒரு கணக்கைச் சார்ந்தே நடக்கின்றன. அதை முறை தவறி மூடினால், இழப்பு மூடல் கட்டணத்தோடு நின்றுவிடாது.

பரிசு ஏன் இல்லை?

பிரிட்டனில் 2013 செப்டம்பர் முதல் நடப்புக் கணக்கு மாற்றுச் சேவை செயல்பட்டு வருகிறது. வாடிக்கையாளர் புதிய வங்கியிடம் விண்ணப்பித்தால் போதும். ஏழு வேலை நாட்களில் நிலுவைத் தொகை, வரவுகள், மாதப் பிடித்தங்கள் அனைத்தும் புதிய கணக்குக்கு மாற்றப்பட்டு, பழைய கணக்கு மூடப்படும். மாற்றத்தின்போது நேரும் பிழையால் கட்டணமோ வட்டியோ விதிக்கப்பட்டால் அது திருப்பித் தரப்படும். வாடிக்கையாளரை ஈர்ப்பதற்காக 100 பவுண்டு, 200 பவுண்டு என ரொக்கம் வழங்குவதும் அங்குள்ள வங்கிகளின் வழக்கம்.

இந்தியாவில் வைப்புத்தொகை திரட்டுவதற்காக வாடிக்கையாளருக்குப் பரிசுச் சீட்டு, இலவசச் சுற்றுலா போன்றவற்றை வழங்க ரிசர்வ் வங்கி தடை விதித்துள்ளது. வைப்புத்தொகை மீதான வட்டி விகிதம் குறித்து 2016-ல் வெளியிடப்பட்ட முதன்மை வழிகாட்டுதலின்படி, வைப்பு செலுத்தும் வாடிக்கையாளருக்கு ரூ.250-க்கு மிகாத சிறு அன்பளிப்பு மட்டுமே வழங்கலாம். எனவே, “கணக்கை மாற்றினால் ஆயிரக்கணக்கில் பணம் தருகிறோம்” என்று வரும் தொலைபேசி அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் சந்தேகத்துடன் அணுகுவதே பாதுகாப்பானது.

கணக்கு எண்ணை மாற்றாமலேயே வங்கியை மாற்றும் யோசனையை 2017-ல் ரிசர்வ் வங்கியின் அப்போதைய துணை ஆளுநர் எஸ்.எஸ்.முந்த்ரா முன்வைத்தார். ஆதார், தேசியப் பணம்செலுத்துக் கழகத்தின் கட்டமைப்பு ஆகியவற்றால் அது சாத்தியமாகும் என்பது அவரது கருத்து.

உண்மையான சலுகை எங்கே?

ரொக்கப் பரிசு இல்லாத நிலையில், வட்டியும் கட்டணமுமே வங்கிகளுக்கு இடையிலான போட்டியைத் தீர்மானிக்கின்றன. சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகளே நிர்ணயிக்கும் உரிமை 2011 அக்டோபர் 25-ல் வழங்கப்பட்டது.

குறைந்தபட்ச இருப்புத் தொகை அடுத்த முக்கிய அம்சம். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த நிபந்தனையை நீக்கியது. 2025-ல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா ஆகியவை இருப்புக் குறைவுக்கான அபராதத்தைக் கைவிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, பெருநகரங்களில் புதிய கணக்குகளுக்கான குறைந்தபட்ச இருப்பை ரூ.50,000 ஆக உயர்த்தி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் ரூ.15,000 ஆகக் குறைத்தது. குறைந்தபட்ச இருப்பை முடிவு செய்வது அந்தந்த வங்கியின் உரிமை என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அப்போது விளக்கினார்.

அபராதத்தைத் தவிர்ப்பது மட்டுமே நோக்கம் எனில், வங்கியை மாற்றாமலேயே அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு மாறலாம். 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய இந்த வகைக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. ஆனால், அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் 30 நாட்களுக்குள் அதை மூடிவிட வேண்டும்.

கிளை தொலைவில் இருப்பதுதான் சிக்கல் என்றால், அதே வங்கியின் அருகிலுள்ள கிளைக்குக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். ஒரு கிளையில் முழுமையாக முடிந்த, காலாவதியாகாத கேஒய்சி சரிபார்ப்பு அந்த வங்கியின் எல்லாக் கிளைகளுக்கும் செல்லும். கணக்கு எண்ணும் பொதுவாக மாறுவதில்லை. மறுகுடியமர்வால் முகவரி மாறிய குடும்பங்களுக்கு இதுவே எளிய வழி.

மூடல் கட்டணமும் அபராத நிலுவையும்

கணக்கு தொடங்கிய 14 நாட்களுக்குள் மூடினால் பல வங்கிகள் கட்டணம் வசூலிப்பதில்லை. ஓராண்டு கடந்த கணக்குகளுக்கும் பல வங்கிகளில் கட்டணம் இல்லை. இடைப்பட்ட காலத்தில் மூடினால் சில நூறு ரூபாயும் அதன் மீது ஜிஎஸ்டியும் பிடிக்கப்படலாம். வங்கியின் இணையதளத்தில் உள்ள சேவைக் கட்டணப் பட்டியலில் இத்தொகை குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கிளைக்குச் செல்வது பயன் தரும்.

பல மாதங்கள் பயன்படுத்தாத கணக்கை மூடச் செல்லும்போது, இருப்புக் குறைவு அபராதம் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருப்பதாகக் கூறப்படுவது உண்டு. இதில் மூன்று விதிகள் வாடிக்கையாளருக்குத் துணை நிற்கின்றன. முதலாவதாக, 2015 ஏப்ரல் 1 முதல், இருப்பு குறைந்ததை முன்கூட்டியே அறிவித்து, சரிசெய்ய ஒரு மாத அவகாசம் அளித்த பின்னரே அபராதம் விதிக்க முடியும். இரண்டாவதாக, இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு இருப்பு பூஜ்யத்துக்குக் கீழ் செல்லக் கூடாது. மூன்றாவதாக, 2024 ஏப்ரல் 1 முதல், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பரிவர்த்தனை இல்லாமல் செயலற்றதாக வகைப்படுத்தப்பட்ட கணக்குக்கு அபராதமோ, மீண்டும் செயல்படுத்தும் கட்டணமோ வசூலிக்கக் கூடாது. எனவே, எதிர்மறை இருப்பைக் காட்டி நிலுவையைக் கேட்டால், எந்த விதியின் கீழ் அது விதிக்கப்பட்டது என்பதை எழுத்துப்பூர்வமாகத் தருமாறு வாடிக்கையாளர் கோரலாம்.

பத்தாண்டுகள் தொடாமல் விடப்பட்ட தொகை, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குச் செல்லும். அதன் பிறகும் உரியவர் வங்கி வழியாக அதைத் திரும்பப் பெறலாம். 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட உத்கம் இணையதளத்தில் இத்தகைய வைப்புகளைத் தேடலாம்.

எதை முதலில் மாற்ற வேண்டும்?

பழைய கணக்கை உடனே மூடுவதே அதிகம் நேரும் தவறு. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம், ஆதார் எண் எந்த வங்கியோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்குதான் செல்லும். ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரே நேரத்தில் ஒரு வங்கி மட்டுமே பதிவில் இருக்கும். அந்தக் கணக்கு மூடப்பட்டு, புதிய வங்கியில் இணைப்பு நடைபெறாவிட்டால் தொகை வந்து சேராது. மகாராஷ்டிர அரசு 2024 முதல் பெண்களுக்கு மாதம் ரூ.1,500 வழங்கும் ‘லாட்கி பகின்’ திட்டத்துக்கும், எரிவாயு மானியத்துக்கும் இது பொருந்தும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில், எந்த வங்கி இணைக்கப்பட்டுள்ளது என்பதைக் கணக்கை மூடும் முன் சரிபார்க்கலாம்.

காப்பீடும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆண்டுக்கு ரூ.436 பிரீமியத்தில் ரூ.2 லட்சம் ஆயுள் காப்பீடு தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டமும், ரூ.20 பிரீமியத்தில் விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா திட்டமும் வங்கிக் கணக்குடன் பிணைந்தவை. கணக்கை மூடினால் காப்பீடும் முடிவுக்கு வரும். ஜன் தன் கணக்கை மூடுவோர், ரூபே அட்டையுடன் வரும் விபத்துக் காப்பீட்டையும், தகுதிக்கு உட்பட்டு ரூ.10,000 வரையிலான மிகைப்பற்று வசதியையும் இழப்பர். புதிய கணக்கில் இத்திட்டங்களில் சேர்ந்துவிட்டு, அதன் பிறகே பழையதை மூடுவது நல்லது. ஊதியக் கணக்கில் வரும் இலவசச் சலுகைகளும் ஊதியம் நின்ற பிறகு தொடர்வதில்லை. அக்கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு விதிக்கு உட்படலாம்.

எனவே, புதிய கணக்கைத் தொடங்கி ஆதாரை இணைப்பது முதல் படி. ஊதியம், வருங்கால வைப்பு நிதி, கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், யுபிஐ ஆகியவற்றைப் புதிய கணக்குக்கு மாற்றுவது அடுத்த படி. பழைய கணக்கின் தானியங்கிப் பிடித்த ஒப்புதல்களை எழுத்துப்பூர்வமாக ரத்து செய்து, ஓரிரு மாதங்கள் இரு கணக்குகளையும் வைத்திருந்து, வரவுகள் புதியதில் வருவதை உறுதிசெய்த பின்னரே மூடல் விண்ணப்பம் அளிக்க வேண்டும். பழைய கணக்கு அறிக்கைகளைப் பதிவிறக்கம் செய்து வைப்பதும், பயன்படுத்தாத காசோலைகளையும் பற்று அட்டையையும் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு பெறுவதும் அவசியம். கூட்டுக் கணக்கு எனில் பொதுவாக அனைவரின் கையொப்பமும் தேவைப்படும்.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு?

தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்கான இழப்பீட்டு விதிகளை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்டது. அவை அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் உள்ளன. முக்கிய அம்சங்கள் வருமாறு:

• யுபிஐ அல்லது ஐஎம்பிஎஸ் மூலம் அனுப்பிய பணம் பிடிக்கப்பட்டு, பெறுநரின் கணக்கில் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.100.

• ஏடிஎம்-இல் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டால் ஐந்து நாட்கள் அவகாசம். அதன் பிறகு நாளொன்றுக்கு ரூ.100.

• தானியங்கிப் பிடித்த ஒப்புதலை ரத்து செய்த பிறகும் பணம் பிடிக்கப்பட்டால், வாடிக்கையாளரின் வங்கியே பொறுப்பு. அடுத்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100.

எடுத்துக்காட்டாக, பழைய கணக்கிலிருந்து புதியதற்கு 1-ம் தேதி யுபிஐ வழியாக அனுப்பிய பணம் சேராமல், 12-ம் தேதிதான் திரும்ப வந்தது எனில், 2-ம் தேதிக்குப் பிந்தைய பத்து நாட்களுக்கு ரூ.1,000 இழப்பீடு சேர வேண்டும்.

கடன் அட்டைக்குத் தனி விதி உண்டு. நிலுவை இல்லாத அட்டையை மூடுமாறு கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும் வரை நாளொன்றுக்கு ரூ.500 வழங்க வேண்டும். இது 2022 ஜூலை முதல் அமலில் உள்ளது. வீட்டுக் கடனை முழுமையாக அடைத்து வெளியேறுவோருக்கு 30 நாட்களுக்குள் சொத்து ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000. இந்த விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

சேமிப்புக் கணக்கை மூடுவதில் ஏற்படும் தாமதத்துக்கு இவ்வாறு நாள் கணக்கில் பொதுவான தொகை நிர்ணயிக்கப்படவில்லை. அதற்கு வங்கியின் இழப்பீட்டுக் கொள்கையையும் குறைதீர்ப்பாளரையும் நாட வேண்டும்.

புகார் அளிக்கும் முறை

முதல் புகார் வங்கியிடமே அளிக்கப்பட வேண்டும். புகார் எண்ணையும் தேதியையும் பாதுகாத்துக்கொள்ள வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 2021 நவம்பர் 12-ல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி, வங்கியின் பதில் கிடைத்த ஓராண்டுக்குள் புகார் அளிக்க வேண்டியிருந்தது. இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நேரடி இழப்புக்கு ரூ.20 லட்சம் வரையும், அலைச்சல், மன உளைச்சல் ஆகியவற்றுக்கு ரூ.1 லட்சம் வரையும் இழப்பீடு வழங்க அத்திட்டம் வகை செய்தது. ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மை இணையதளத்தில் பதிவு செய்யலாம்; 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம்.

நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விவகாரத்தையும், வங்கியின் வணிக முடிவு சார்ந்த புகாரையும் குறைதீர்ப்பாளர் ஏற்பதில்லை. சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகும் வழியும் திறந்தே உள்ளது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விலக முடியாத நிலை வந்தால்...

வாடிக்கையாளர் விரும்பினாலும் விலக முடியாத சூழலை மும்பை கண்டுள்ளது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, தொடக்கத்தில் ரூ.1,000 மட்டுமே எடுக்க முடிந்தது. அவ்வங்கி 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 13-ல் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியில் பணம் எடுப்பதே நிறுத்தப்பட்டது. அம்மாத இறுதியில் ரூ.25,000 வரை அனுமதிக்கப்பட்டு, ஆகஸ்ட் 4-ல் அவ்வங்கி சாரஸ்வத் வங்கியுடன் இணைந்தது.

இத்தகைய சூழலில் வைப்புக் காப்பீடே பாதுகாப்பு. ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள வைப்புகளைச் சேர்த்து, அசலும் வட்டியுமாக ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில் இந்த வரம்பு ரூ.1 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. 2021-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, கட்டுப்பாடு விதிக்கப்பட்ட 90 நாட்களுக்குள் இத்தொகை வழங்கப்பட வேண்டும். ரூ.5 லட்சத்துக்கு மேல் சேமிப்பு உள்ளவர்கள் அதை ஒரே வங்கியில் வைக்காமல் பிரித்து வைப்பது, இந்த வரம்பின் முழுப் பயனையும் அளிக்கும்.