சிதறிக் கிடக்கும் ஆலை: திருப்பூரின் தொழில் அமைப்பும் நகர வாழ்வும்

கோவையின் ஆலைகளைப் பார்த்துவிட்டுத் திருப்பூருக்கு வருபவர் முதலில் தேடுவது ஓர் ஆலையைத்தான். கோவையில் லட்சுமி மில்ஸ் என்பது இன்று ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர்; ஆலைகளைச் சுற்றியே பேட்டைகள் எழுந்தன, சங்கொலி கேட்டே தெருக்கள் விழித்தன. திருப்பூரின் ராயபுரத்திலோ கொங்கு நகரிலோ நடந்தால் அப்படி எதுவும் கண்ணில் படாது. ஒரு வீட்டு மாடியில் ஓவர்லாக் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்கும். அடுத்த சந்தில் கட்டிங் மேசை. எதிரே அயர்னிங் செய்யும் ஓட்டுக் கட்டடம். அவற்றுக்கு நடுவே துணி உருளைகளை அடுக்கிக்கொண்டு டெம்போக்கள் ஓயாமல் போய்வரும்.

நூலாக வரும் சரக்கு நிட்டிங் யூனிட்டில் குழாய் வடிவத் துணியாகும். அங்கிருந்து சாயப்பட்டறைக்கும், பிறகு துணி சுருங்காமல் தடுக்கும் காம்பாக்டிங்குக்கும், கட்டிங்குக்கும், பிரிண்டிங்குக்கும், பவர் டேபிள் தையலுக்கும், செக்கிங்குக்கும், பேக்கிங்குக்கும் போகும். பல நேரம் ஒவ்வொரு படிக்கும் வேறு கட்டடம், வேறு முதலாளி. ஒரு டி-சர்ட் கப்பலேறுவதற்குள் ஊரைப் பலமுறை குறுக்கே கடந்துவிடும். இந்தச் சிதறலைப் பழைய குடிசைத் தொழிலின் மிச்சம் என்று கருதுவது எளிது. ஆனால் அது சரியன்று. வரலாற்றின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில், குறிப்பிட்ட காரணங்களுக்காக, மனிதர்கள் முடிவெடுத்து உருவாக்கிய ஏற்பாடு இது. ஊரின் நாட்காட்டியும் குடியிருப்பும் ஆற்றின் அழிவும் அதிலிருந்தே கிளைத்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திருப்பூரின் முதல் செல்வம் பருத்தி. 1860களில் ரயில் பாதை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட இழை கொண்ட கம்போடியா பருத்தி கொங்குப் பகுதியின் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் பரவியது. திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் ஜின்னிங் ஆலைகளின் ஊராகவும் வளர்ந்தது. 1920களில் கதர் உற்பத்தியின் முக்கிய மையமாகவும் ஆனது. 1932 ஜனவரியில் கொடியோடு ஊர்வலம் சென்று காவலர் தடியடியில் உயிர்நீத்த குமரன், சென்னிமலையின் நெசவுக் குடும்பத்தில் பிறந்து இங்கே ஒரு ஜின்னிங் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த இளைஞரின் 27 ஆண்டு வாழ்க்கைக்குள் கைத்தறி, பருத்தி, கதர் மூன்றும் அடங்கியிருந்தன.

பின்னலாடை வந்தது 1920களின் நடுவில். கையால் சுற்றும் பின்னல் இயந்திரங்களைக் கொண்டு குலாம் காதர் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்பது ஊரில் நிலைத்த செய்தி. அன்று இந்தத் தொழிலின் தலைமையிடம் கல்கத்தா. 1930களில் பைகாரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்த பிறகு கை இயந்திரங்கள் மின்னியந்திரங்களுக்கு வழிவிட்டன. சுதந்திரத்துக்குப் பிந்தைய இரு பத்தாண்டுகளில் பின்னலிலிருந்து தையல்வரை ஒரே கூரையின்கீழ் நடத்திய பனியன் கம்பெனிகளே தொழிலின் முகமாக இருந்தன.

திருப்பம் இதற்குப் பின்தான். ஒரே கூரையின்கீழ் வேலை செய்தவர்கள் சங்கமாகத் திரண்டார்கள். தொழிற்சாலைச் சட்டம் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பாய்வது. இவ்விரண்டிலிருந்தும் தப்பக் கம்பெனிகள் தங்களையே துண்டாக்கிக்கொண்டன: தையலை ஒருவருக்கும், கட்டிங்கை இன்னொருவருக்கும் ஜாப் ஒர்க்காகக் கொடுத்தன. அந்தத் துண்டுகளை எடுத்து நடத்த முன்வந்தவர்களில் பலர், தோட்டங்களிலிருந்து வந்து இதே கம்பெனிகளில் கூலிக்கு வேலை செய்த கவுண்டர் சமூக இளைஞர்கள். இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்த ஷரத் சாரியின் நூல் 2004இல் வெளிவந்தது. தங்கள் உயர்வுக்கு அந்த முதலாளிகள் சொன்ன ஒரே காரணம் 'உழைப்பு' என்பதை அவர் பதிவு செய்கிறார். அந்த உழைப்பு உண்மையானது. அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதே மேசையில் அதே நேரம் உழைத்த பெண்களும் தலித் தொழிலாளர்களும் முதலாளிகளாகிவிடவில்லை. உறவுக்குள் கிடைத்த கடன், சீர்வரிசையாக வந்த பணம், சாதி வழியாகக் கிடைத்த முதல் ஆர்டர் ஆகியவற்றோடு சேர்ந்தபோதுதான் உழைப்பு மூலதனமானது.

1984இல் பஞ்சப்படிக்காக நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதன் பிறகு தொழில் மேலும் சிதறியது. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் ஒருவர் வழியாகத் திறந்த ஐரோப்பியச் சந்தையும் அந்தச் சிதறலுக்குத் தோதாக அமைந்தது. ஒரு பருவத்துக்கு ஒரு மாதிரி, சிறு சிறு ஆர்டர், குறைந்த அவகாசம் என்று கேட்ட வாங்குபவருக்கு, தேவைக்கேற்ப விரியவும் சுருங்கவும் முடிந்த ஊர் கிடைத்தது. ஆய்வாளர் பமேலா காத்தார்ன் இதை அமீபா முதலாளித்துவம் என்று அழைத்தார். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 1980களின் நடுவில் சில பத்துக் கோடி ரூபாய்க்குள் இருந்த ஏற்றுமதி இன்று ஆண்டுக்கு 30,000 கோடியைத் தாண்டுகிறது.

நகரத்தின் வாழ்வு இந்த அமைப்பின் அளவுக்கே வெட்டப்பட்டது. இங்கே 'ஒன்றரை ஷிப்ட்' என்பது காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. அதைக் கூடுதல் வேலை என்று எவரும் சொல்வதில்லை. அதுவே வழக்கமான நாள். சம்பளம் மாத முதல் தேதிக்குக் காத்திருப்பதில்லை. சனிக்கிழமை இரவு பீஸ் ரேட் கணக்கு முடிக்கப்படும். அன்றிரவே மளிகைக் கடைக் கடன் அடையும், சீட்டுப் பணம் கட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை குமரன் சாலையிலும் காதர்பேட்டையிலும் நடக்க இடமிருக்காது. ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பனியன்களை, கழுத்துப் பட்டியில் ஏதோ ஓர் ஐரோப்பியக் கடையின் பெயர் அறுபட்டு நிற்க, அவற்றைத் தைத்த ஊரே திரும்ப விலைக்கு வாங்கும். ஆலைக் குடியிருப்பு இல்லாத இந்த ஊரில் லைன் வீடுகளே தொழிலாளர் குடியிருப்பு: வரிசையாக ஒற்றை அறைகள், பொதுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தையல்காரரின் அருகில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் 'கைமடி' வேலையில் சிறுவர்களாக நுழைந்து டெய்லர் ஆனவர்கள் ஒரு தலைமுறை. பள்ளியை இழந்து அவர்கள் கற்ற தொழில் அது. வளர்ச்சியின் கணக்கில் இந்த இழப்பு எழுதப்படாமல் போனது பெரும் அநீதி.

யூனிட் வாசல்களில் 'சிங்கர், ஓவர்லாக், பிளாட்லாக் டெய்லர்கள் தேவை, தங்குமிடம் உண்டு' என்ற அட்டை எப்போதும் தொங்கும். அண்மைக் காலமாக அதன்கீழ் அதே வரிகள் இந்தியிலும் எழுதப்படுகின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் வந்த இடத்துக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள்.

சிதறலின் கொடிய விளைவு நொய்யலில் தெரிந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் அந்த ஆற்றில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் சாயக்கழிவை விட்டன. ஒவ்வொன்றும் சிறியது, எனவே எதுவும் தனியாகப் பொறுப்பேற்கவில்லை. பாசனத்துக்காகக் கட்டி 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே உப்பும் சாயமும் தேங்கும் குட்டையானது. கீழ்மடை விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். சுப்ரபாரதிமணியன் தம் 'சாயத்திரை' நாவலில் இந்த அழிவை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். பல உத்தரவுகள் பலனின்றிப் போன பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை ஒரே நேரத்தில் மூட ஆணையிட்டது. மீண்டும் திறக்க, கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு என்பது நிபந்தனை.

என் பார்வையில் திருப்பூரின் அண்மை வரலாற்றில் இதுவே பெரிய உடைப்பு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாயில் இணையாமல் சிறு பட்டறை பிழைக்க முடியாது என்றானது. பிரிந்தே வளர்ந்தவர்கள் கழிவின் பொருட்டுக் கூட்டுச் சேர வேண்டியதாயிற்று. செலவைத் தாங்காத பல பட்டறைகள் திரும்பத் திறக்கவேயில்லை. நீரின் பெரும்பகுதி மீட்கப்பட்டு மீண்டும் சாயத்துக்கே போகிறது. ஆனால் தையல் யூனிட்டுகளின் சிதறல் அப்படியே தொடர்கிறது. கழிவுநீருக்குக் கிடைத்த பொதுக் குழாயைப் போல வேலைநேரத்துக்கோ குடியிருப்புக்கோ பொதுவான ஏற்பாடு எதுவும் வரவில்லை. தொழிற்சங்கங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உற்பத்தியாளர்களோடு போடும் ஊதிய ஒப்பந்தம் ஒன்றுதான் அந்த இடத்தில் நிற்கிறது. ஜாப் ஒர்க் யூனிட்டில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு அதன் பலன் எட்டுவது அரிது.