ஆணையும் பாலாறும்

பாகாயத்திலிருந்து வேலூர் நகரைக் கடந்து வடக்கே சென்றால் பாலாற்றின் மணற்பரப்பு கண்ணில் படும். மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, கிழக்கே இராணிப்பேட்டை. இவ்வூர்களின் தோல் தொழில் நம்மவர் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது. கல்விக்கூடங்கள் எழவும் கை கொடுத்தது. அதே தொழிலின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது என்பதும் மறுக்கவொண்ணாத உண்மையே. இவ்விரு உண்மைகளுக்கும் நடுவே நின்று நீதிமன்றம் ஆணையிட்ட வரலாறு நாம் அறிய வேண்டியதாகும்.

நீதிமன்றத்திடம் படையில்லை, கருவூலமும் இல்லை. அதன் சொல்லை மீறுவோர்மீது பாயும் அவமதிப்பு அதிகாரமே அதன் கைக்கோல். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவமதிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பது குற்றவியல் அவமதிப்பு. தீர்ப்பையோ ஆணையையோ வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்துக்கு அளித்த உறுதிமொழியை முறிப்பதும் உரிமையியல் அவமதிப்பு. ‘வேண்டுமென்றே’ என்பதே இங்கு உயிர்ச்சொல். இயலாமையால் தவறியவன் வேறு. இயன்றும் செய்யாதவன் வேறு. தண்டனை மிகுந்தால் ஆறு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். உண்மையான மன்னிப்புக் கோரிக்கையை ஏற்று விடுவிக்கவும் இடமுண்டு.

தண்டனை காலங்கடந்து வந்தால் பயன் யாது? 1992 ஜூலையில், அளித்த உறுதிமொழிக்கு மாறாக அயோத்தியில் மேடை எழுந்தது. அதற்காக உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் கல்யாண் சிங்குக்கு 1994 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு நாள் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதற்குள் பள்ளிவாசலே இல்லாமற் போயிருந்தது. தண்டனை சட்டத்தின் மானத்தைக் காத்தது, இடிந்ததை எழுப்பவில்லை.

ஆகவே மீறலுக்குப்பின் தண்டிப்பதைவிட, மீறாதபடி முன்கூட்டியே எச்சரிப்பதே இவ்வதிகாரத்தின் சிறந்த பயன் எனலாம். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் அதைக் காண்கிறோம். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அளித்த தீர்ப்பு, அன்றைய வட ஆர்க்காடு அம்பேத்கர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது. அக்டோபர் 31க்குள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கட்டத் தவறினால் ஆலை மூடப்படும். உரிமையாளர் அவமதிப்புச் சட்டத்தின்கீழும் பதில் சொல்ல வேண்டும். நவம்பர் 30க்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு வேண்டும் என்றும் கெடு வைக்கப்பட்டது. மேற்பார்வைப் பொறுப்பு சென்னை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தொகை, இடம், நாள் மூன்றும் தெளிவாக இருந்ததால், தெரியாது என்று சொல்ல எவருக்கும் வழியில்லை.

எனினும் கதை அங்கே முடியவில்லை. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயிக்கும் ஆணையம் 2001இலும் 2009இலும் தீர்ப்பளித்தது. அத்தொகை இன்னும் கிட்டாதோருக்கு அரசே ஆறு வாரங்களுக்குள் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பணிக்க நேர்ந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

சிறை அச்சம் ஓர் ஆலையின் கதவை மூடலாம். கெட்ட கிணற்றை இனிக்கச் செய்யாது. ஆணை பிறந்த நாளிலேயே அதற்குப் பணிவதுதான் அக்கிணற்று நீரை அருந்தும் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் நீதியாகும்.