தனிவில்லைத் தெறிப்புக் கமரா: தோற்றமும் நிலைபேறும்

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் புதிய கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி எப்போது தோன்றியது, அதனை வென்றது எது என்பனவே அங்கு முதன்மை பெறும் வினாக்கள். வெல்லப்பட்ட பின்னரும் ஒரு கருவி ஏன் நிலைக்கின்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. 35 மில்லிமீற்றர் படச்சுருளைக் கொண்டு, கையினால் இயக்கப்படும் தனிவில்லைத் தெறிப்புக் கமரா இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதொரு சான்றாகும். அதனை உருவாக்கிய தொழிற்றுறை அதனைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. எனினும் இன்றும் மாணவரும் கலைஞரும் அதனைத் தேடி வாங்குகின்றனர். இதனைப் பழமைமீது கொண்ட பற்று என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அக்கருவியின் அமைப்பிலேயே இதற்கான காரணங்கள் உள. அதன் ஆயுளின் எல்லையும் அங்கேயே புலப்படுகின்றது.

ஏனைய கமராக்களிற் பல, படம்பிடிப்போன் நோக்குவதற்கெனத் தனியொரு சாளரத்தைக் கொண்டவை. கண் காண்பதும் வில்லை காண்பதும் அவற்றில் முற்றாக ஒன்றாவதில்லை; அண்மையிலுள்ள பொருள்களைப் படம்பிடிக்கையில் இவ்வேறுபாடு பெருகும். வில்லைக்குப் பின்னே 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடியை வைத்து, விம்பத்தை மேல்நோக்கித் தெறிக்கச் செய்து, தேய்த்த கண்ணாடியில் விழச்செய்தால் இக்குறை நீங்கும். படம் எடுக்கும் கணத்தில் ஆடி விலகி ஒளிக்கு வழிவிடும். இத்தத்துவத்துக்கு 1861ஆம் ஆண்டிலேயே தோமஸ் சட்டன் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றார். ஆயினும் தொடக்ககாலத் தெறிப்புக் கமராக்கள் பருத்த பெட்டிகளாகவே இருந்தன. சினிமாப் படச்சுருளைச் சிறிய கமராவிற் பயன்படுத்தும் முறையினை 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா பரவச் செய்தது. அப்படச்சுருளையும் தெறிப்பு ஆடியையும் இணைத்து, டிரெஸ்டன் நகரின் இகாகி நிறுவனம் 1936இல் கினே எக்சக்ராவை வெளியிட்டது.

எக்சக்ராவிற் கண்ட விம்பம் இடம்வலமாக மாறியிருந்தது. கமராவை மார்புக்குக் கீழே பிடித்துக் குனிந்து நோக்கவேண்டியிருந்தது. படம் எடுத்ததும் ஆடி மேலேயே நின்றுவிடுவதால், அடுத்த படத்துக்குச் சுருளை நகர்த்தும்வரை நோக்குபவனுக்கு இருளே எஞ்சியது. அடுத்த இருபதாண்டுக்கால வரலாறு பெரும்பாலும் இக்குறைகளைக் களைந்த வரலாறே.

இக்களைவு யுத்தத்தின் அழிவுக்கிடையே நிகழ்ந்தது. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது அங்கிருந்த கமராத் தொழிற்சாலைகளும் பேரிழப்புக்குள்ளாயின. அதன்பின் சோவியத் ஆட்சிப் பகுதியாகிய அந்நகரிலிருந்தே 1949இல் கொன்டக்ஸ் எஸ் வெளிவந்தது. அதன் உச்சியில் அமைந்த ஐங்கோண அரியம் விம்பத்தை நேராக்கிக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ அதே வேளையில் இத்தாலியின் ரெக்ராபிளெக்சும் அரியத்தைப் பயன்படுத்தியது. ஹங்கேரியில் யெனோ டுலொவிற்ஸ் வடிவமைத்த டுபிளெக்ஸ், படம் எடுத்ததும் தானே கீழிறங்கும் ஆடியைக் கொண்டிருந்தது. ஆகவே இக்கருவியை ஒருவரின் ஆக்கமாகவோ ஒரு நாட்டின் உரிமையாகவோ கொள்ளல் இயலாது.

இவ்விடைகளை ஒன்றுசேர்த்துப் பெருந்தொகையான மக்களிடம் கொண்டுசென்ற பெருமை யப்பானுக்குரியது. யுத்தகாலத்தில் இராணுவ ஒளியியற் கருவிகளை ஆக்கிய நிப்பொன் கொகாக்கு முதலிய நிறுவனங்கள், தோல்வியின் பின்னர் கமரா உற்பத்தியை நாடின. 1950இல் கொரிய யுத்தத்தைப் படம்பிடிக்கச் சென்ற லைப் சஞ்சிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் அந்நிறுவனத்தின் வில்லைகளைப் பயன்படுத்தியமை, அவற்றின் தரத்தை மேனாட்டார் உணர வழிவகுத்தது. அசாகி நிறுவனம் 1952இல் யப்பானின் முதலாவது 35 மில்லிமீற்றர்த் தெறிப்புக் கமராவை வெளியிட்டது. 1954இல் தானே மீளும் ஆடியையும், 1957இல் அசாகி பென்ராக்ஸ் மூலம் அரியத்தையும் அதனோடு இணைத்தது. 1959இல் வந்த நிக்கொன் எப், மாற்றத்தக்க வில்லைகளும் நோக்கிகளும் கொண்ட முழுமையானதொரு தொகுதியாக விளங்கிப் பத்திரிகைப் படப்பிடிப்பாளரின் கருவியாயிற்று.

டிரெஸ்டனின் கொன்டக்ஸ் எஸ் கொண்டிருந்த 42 மில்லிமீற்றர் விட்டமுடைய திருகு இணைப்பை யப்பானியப் பென்ராக்சும் ஏற்றுக்கொண்டது இங்கு மனங்கொள்ளத்தக்கது. கிழக்கு ஜேர்மனியின் பிரக்ரிக்கா, சோவியத் செனித் ஆகியனவும் அதனையே கையாண்டன. எனவே ஒரு நாட்டின் வில்லையை மற்றொரு நாட்டின் கமராவிற் பொருத்தமுடிந்தது. அரசியல் உலகம் இரு கூறாகப் பிளந்திருந்த காலத்தில் ஒரு திருகு பொதுமையைப் பேணியது எனலாம். பென்ரகொன் என்னும் கிழக்கு ஜேர்மன் நிறுவனம் 1990இல் கலைக்கப்பட்டபோதும் அதன் வில்லைகள் பயனற்றுப் போகாமைக்கு இப்பொதுமையே காரணம்.

நிலைபேற்றுக்குரிய மற்றொரு காரணம் இக்கமராக்களின் தன்னிறைவாகும். மூடுதிரையை இயக்குவது இறுக்கப்பட்ட சுருள்வில்; அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவன பற்சில்லுகள். 1976 முதல் 1997 வரை உற்பத்தியான பென்ராக்ஸ் கே 1000இல் மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே தேவை. 1982இல் வந்த நிக்கொன் எப்எம் 2, செக்கனின் 4,000இல் ஒரு பங்கு வேகத்தையும் பொறிமுறையாலேயே எட்டியது. மின்கலம் தீர்ந்தாலும் படம்பிடிப்போன் தன் அறிவைக் கொண்டு தொழிற்படலாம். தெளிந்த வெயிலில், துவார எண் 16 ஆகவும், மூடுதிரையின் வேகம் படச்சுருளின் வேக எண்ணுக்கு இணையாகவும் அமையவேண்டும் என்பது பழகிய விதி. 125 என்னும் எண்ணுடைய சுருளுக்குச் செக்கனின் 125இல் ஒரு பங்கு போதும். துவாரம், வேகம், குவியம் ஆகிய மூன்றையும் தானே தீர்மானிப்பவன், தன் வெற்றிக்கும் தவறுக்கும் தானே பொறுப்பாளியாகின்றான். கற்போர் இன்றும் இக்கருவியை நாடுவதற்கு இதுவே தலையாய காரணம்.

1976இல் வந்த கனன் ஏஈ 1 நுண்செயலியைக் கொண்டிருந்தது. மின்கலமின்றி அதன் மூடுதிரை இயங்காது. 1985இல் மினோல்ரா 7000 குவியப்படுத்தலையும் மோட்டாரிடம் ஒப்படைத்தது. 1987இல் கனன் தன் வில்லை இணைப்பையே மாற்றியமைத்ததால் பழைய வில்லைகள் புதிய கமராக்களுக்கு ஒவ்வாதனவாயின. இவை வசதியைப் பெருக்கின என்பதில் ஐயமில்லை. ஆயின் தேய்ந்த பற்சில்லைக் கைவல்லான் ஒருவன் புதிதாகக் கடைந்து பொருத்தலாம். செயலிழந்த மின்சுற்றை, அதனை ஆக்கிய தொழிற்சாலை மூடப்பட்ட பின் மீளவாக்குதல் அரிது.

எனினும் இத்தன்னிறைவு முழுமையானதன்று. பழைய ஒளிமானிகள் பல 1.35 வோல்ற்று இரசக் கலங்களுக்கென அமைக்கப்பட்டவை. நஞ்சு காரணமாக அக்கலங்களின் விற்பனையை ஐக்கிய அமெரிக்கா 1996இல் சட்டத்தால் தடைசெய்தது. மாற்றுக் கலங்களின் அழுத்தம் வேறுபடுவதால் பல மானிகள் பிழையாகக் காட்டுகின்றன. ஆடியைத் தாங்கும் நுரைப்பஞ்சு காலப்போக்கிற் பிசினாகின்றது. ஈரப்பதன் மிக்க வெப்பநாடுகளில் வில்லைகளிற் பூஞ்சணம் படர்கின்றது. படச்சுருளின் நிலை இவற்றினும் பாரதூரமானது. கொடக் நிறுவனம் கொடக்குறோம் சுருளின் உற்பத்தியை நிறுத்துவதாக 2009இல் அறிவித்தது. அதனைப் பதனிட்டுவந்த இறுதி ஆய்வுகூடமும் 2010இன் முடிவில் அப்பணியை நிறுத்தியது. அதன்பின் எஞ்சிய சுருள்களிலிருந்து உரிய வண்ணத்தில் விம்பத்தைப் பெறுதல் இயலாதாயிற்று. மாறாக, கறுப்பு வெள்ளைச் சுருளை எளிய இரசாயனங்களைக் கொண்டு வீட்டிலேயே கழுவலாம். இங்கிலாந்தின் இல்போட் நிறுவனம் 2004இல் வீழ்ந்தபோது அதன் முகாமையாளர்கள் சிலர் அதனை மீட்டெடுத்துக் கறுப்பு வெள்ளைச் சுருளின் உற்பத்தியைத் தொடர்ந்தனர். கையால் இயலும் தொழிலே நிலைத்தது என்பது இங்கும் மெய்யாகின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஒரு கருவி நிலைப்பது அதன் உறுதியால் மட்டுமன்று. அதனைத் திருத்தவும் ஊட்டவும் வல்ல அறிவு பலரிடம் பரவியிருப்பதாலேயாம். உதிரிப்பாகங்களைப் பழைய கமராக்களிலிருந்தே இனிப் பெறவேண்டியுள்ளது. அவற்றைப் பிரித்துப் பூட்டக் கற்றவர்களோ முதுமையடைந்து வருகின்றனர். தெறிப்புக் கமராவைப் பேணுதல் என்பது அதனை அலுமாரியிற் பூட்டிவைத்தலன்று. அதன் திருத்துநரிடமிருந்து கைத்திறனை அடுத்த தலைமுறை கற்றுக்கொள்வதாகும். அது நிகழாதவிடத்து, எஞ்சும் கமராக்கள் நூதனசாலைப் பொருள்களாகவே அமையும்.