பாண் பூஞ்சணமும் பார்பாஸ்கோக் கிழங்கும்

ஈரம்பட்ட பாண்துண்டு இரண்டொரு நாள் மூடிக்கிடப்பின் அதன்மேற் கருமை படர்வதை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். முகஞ்சுளித்து வெளியே வீசியுமிருக்கின்றோம். றைசோப்பசு எனப்படும் இப்பூஞ்சணச் சாதிதான், இரசாயன அறிஞர் முப்பதுக்கு மேற்பட்ட படிகளிற் செய்துவந்த வேலையின் மிகக் கடினமான பகுதியை ஒரே படியிற் செய்துகாட்டிற்று. இதனை மருந்துக் கம்பனிகளின் வெற்றிக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். கதையில் வேறு மனிதரும் இருந்தனர்.

1948 செப்ரெம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக்கிடந்த பெண்ணொருத்திக்குப் பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியர் கோட்டிசோனைச் செலுத்தினார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950இல் ஹென்ச், கென்டல், ரைக்ஸ்ரைன் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆயின் மருந்து எங்கே? மாட்டுப் பித்தத்திலிருந்து அதனை ஆக்கவேண்டியிருந்தது. ஒரு கிராம் 200 டொலர் விலைபெற்றது. ஸ்டெரோயிட் மூலக்கூறு நான்கு வளையங்கள் இணைந்த ஒரு கூடு. அதன் 11ஆம் காபனில் ஓர் ஒட்சிசன் அணு அமர்ந்தாலன்றிக் கோட்டிசோன் கிட்டாது. பித்த அமிலத்திலோ அது 12ஆம் காபனில் இருந்தது. பக்கத்து இடத்துக்கு அதனை நகர்த்தப் பட்ட பாடே பெரும்பாடு.

1952இல் அப்ஜோன் கம்பனியைச் சேர்ந்த பீற்றர்சன், மறே என்போர், புறொஜெஸ்தரோன் என்ற ஓமோனை றைசோப்பசு வளரும் திரவத்தில் இட்டபோது, ஒட்சிசன் 11ஆம் காபனிலேயே சென்று அமர்ந்ததென அறிவித்தனர். பூஞ்சணத்தின் நொதியம் தானறிந்த தொழிலைச் செய்தது, அவ்வளவே. கோட்டிசோன் விலை கிராமுக்கு 6 டொலராக இறங்கிற்று. 1955இல் ஷெறிங் கம்பனியார் ஒரு பக்ரீரியாவைக்கொண்டு அதனினும் வலிய பிரெட்னிசோனை ஆக்கினர்.

பூஞ்சணத்துக்கு இரை வேண்டுமே! தொன்கணக்கான புறொஜெஸ்தரோன் மெக்சிக்கோவின் காட்டுக் கிழங்கிலிருந்து வந்தது. 1942இல் றசல் மாக்கர் என்ற அமெரிக்க இரசாயனர் வேராகுரூஸ் மாநிலத்தில் ஒரு காட்டுவள்ளியைத் தேடிப்பெற்று, அதிலுள்ள டையோஸ்ஜெனினிலிருந்து அவ்வோமோனை ஆக்கினார். 1944இல் மெக்சிக்கோ நகரிற் சின்ரெக்ஸ் கம்பனி தோன்றிற்று. பின்னர் பார்பாஸ்கோ என்னும் மற்றொரு வள்ளியினமே முதன்மை மூலப்பொருளாயிற்று.

தோண்டியவர் யார்? வேராகுரூஸ், ஒகாக்கா மாநிலங்களின் ஏழைக் குடியானவர். சோள விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாதவர். பாம்பும் முள்ளும் மலிந்த ஈரக்காட்டிற் கொடியின் அடியைத் தேடி, மண்பறித்து, சாக்கிற் கட்டி முதுகிற் சுமந்து, இடைத்தரகனின் தராசில் வைத்தனர். கிடைத்ததோ சொற்பக் காசு. கிழங்கு எதற்காகப் போகின்றது என்பதே பலருக்குத் தெரியாது. சவர்க்காரம் செய்யவென்று எண்ணினோரும் இருந்தனர்.

மறுமுனையில் நோயாளி. 1959 டிசெம்பரில் அமெரிக்கச் செனற்சபையின் கீபோவர் குழு விசாரித்தது. ஏறத்தாழ 1.6 சதம் அடக்கவிலை எனக் குழு கணக்கிட்ட பிரெட்னிசோலோன் குளிசை, மருந்துக்கடைக்கு 17.9 சதத்துக்கு விற்கப்பட்டமை அம்பலமாயிற்று. ஆராய்ச்சிச் செலவு என்றனர் கம்பனியார். ஆராய்ச்சிக்குச் செலவுண்டு, நாம் மறுக்கவில்லை. ஆயின் பூஞ்சணம் மிச்சப்படுத்திய பணம் கிழங்கு தோண்டியவனிடமும் சேரவில்லை, மூட்டு நொந்தவனிடமும் முழுதாய்ச் சேரவில்லை.

1975இல் மெக்சிக்க அரசு புறொக்கிவெமெக்ஸ் என்ற அரச நிறுவனத்தை அமைத்து, பார்பாஸ்கோ வாணிகத்தைத் தன்வசமாக்கி, தோண்டுவோருக்குக் கூடிய விலை கொடுக்க முனைந்தது. அந்நேரத்தில் வேறு நுண்ணுயிர் ஒன்று களத்துக்கு வந்துகொண்டிருந்தது. சோயா எண்ணெய்த் தொழிலில் எஞ்சும் ஸ்டெரோல்களை மைக்கோபக்ரீரியம் முழுவதுமாகத் தின்றுவிடும் இயல்பினது. ஆய்வுகூடத்திற் பழுதாக்கித் தெரிந்தெடுத்த வகைகளோ, பக்கச் சங்கிலியை மட்டும் அறுத்து, வளையக் கூட்டை அப்படியே விட்டுவைத்தன. கம்பனிகளுக்கு வேண்டியது அக்கூடுதானே! 1950களிற் கிழங்குக்குக் கிராக்கியை ஏற்றிய நுண்ணுயிர்த் தொழிலே அதனைத் தேவையற்றதாக்கிற்று. சின்ரெக்ஸ் 1994இற் சுவிற்சலாந்தின் றோஷ் கம்பனியிடம் கைமாறியபோது, வேராகுரூஸ் காடுகளிற் கிழங்குச் சாக்குக்குத் தராசு பிடிப்பார் அருகியே போயிருந்தனர்.