யானைக்கவுனி மாடுகளும் சந்தைக் கிழங்கும்

உருளைக்கிழங்கைக் கால்நடைத் தீவனமாக நினைத்தே பயிரிட்ட வழக்கம் வட ஐரோப்பாவுடையது. ஜெர்மனியில் கிழங்கை ஆவியில் வேகவைத்து, குழியில் போட்டுப் பதப்படுத்திப் பன்றிகளைக் கொழுக்க வைத்தார்கள். அயர்லாந்துக் குடியானவர் வீட்டில் சாப்பிட்டது போக மிஞ்சியது பன்றிக்குப் போனது. தமிழ்நாட்டுக் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீலகிரியில் வேரூன்றிய கிழங்கு காசு கொடுக்கும் மலைப்பயிர். நல்ல கிழங்கை மாட்டுக்குக் கொட்ட எந்த விவசாயிக்கும் மனம் வராது. மாட்டின் பங்குக்கு வந்தது சந்தையில் கழித்துப்போட்டதுதான். அதனால் இந்தத் தீவனத்தின் வரலாற்றைத் தேட வேண்டிய இடம் வயல் அல்ல, சந்தை; சென்னையில் அது யானைக்கவுனிப் பக்கம்.

1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பிய பின், கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய மதிலின் வாயில்களில் ஒன்று யானைக்கவுனி. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் கொத்தவால் சாவடி. கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமான அந்த இடத்தில்தான் 1996 வரை சென்னையின் காய்கறி மொத்த வியாபாரம் நடந்தது. பக்கத்திலேயே சௌகார்பேட்டை: பாலும் நெய்யும் இல்லாமல் அடுப்பெரியாத மார்வாடி, குஜராத்தி வீடுகள்.

இத்தகைய வீடுகளின் வாசலுக்கே பால்காரர் மாட்டை ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து கொடுப்பது சென்னையின் பழைய வழக்கம். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து, மாட்டின் முன்னால் நிறுத்திப் பால் சுரக்க வைத்தார்கள். நகரத்தில் மேய்ச்சலுக்கு இடமில்லை. வைக்கோல், தவிடு, உளுந்தம் பொட்டு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாமே காசு. காசில்லாமல் கிடைத்தவை வீட்டுக் கழுநீரும் சந்தைக் கழிவும்தான்: கோஸ் இலை, முள்ளங்கித் தழை, காலிஃபிளவர் தண்டு, நசுங்கிய தக்காளி, அவற்றோடு உருளைக்கிழங்கு.

இவற்றில் கிழங்குதான் வம்பு பிடித்தது. அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. புரதம் குறைவு என்பதால் புண்ணாக்கு சேர்க்காமல் பால் நிற்காது. பன்றிக்கு வேகவைக்க வேண்டும்; மாட்டுக்கு அசைபோடும் வயிறு இருப்பதால் பச்சையாகவே செரிக்கும். ஆனால் சின்னக் கிழங்கை முழுசாகப் போட்டால் தொண்டையில் சிக்கி, ஏப்பம் விட வழியில்லாமல் வயிறு உப்பிவிடும். பழக்கமில்லாத மாடு ஒரேயடியாகக் கூடை நிறையத் தின்றால் இரைப்பை புளித்துப் படுத்துவிடும். நறுக்கி, வைக்கோலோடு கலந்து, நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். தோல் பச்சையான கிழங்கிலும் முளையிலும் சொலானின் என்ற நஞ்சு உண்டு. சந்தை கழிப்பதோ பெரும்பாலும் அந்தக் கிழங்கைத்தான். இலவசத் தீவனத்தின் விலை இங்கேதான் தெரியும்.

பால் வற்றிய மாடுகளின் கதி அடுத்த கேள்வி. அடிமாடாகப் போகாமல் அவற்றைக் காக்க வணிகர்களின் கொடையில் 1906இல் தொடங்கியது அயனாவரத்தின் பிஞ்சராபோல் என்ற மாட்டுக் காப்பகம். விடுதலைக்குப் பிறகு அரசு நகரத்து மாடுகளை மாதவரம் பால் காலனிக்கு நகர்த்த முயன்றது. மாதவரம் பால்பண்ணையும் பின்னாளில் ஆவினும் வளர்ந்தபோது வாசல் கறவை மெல்லத் தேய்ந்தது.

1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. மறுவருடமே நகர்ப்புறங்களில் கால்நடை வளர்ப்பை உரிமத்துக்கு உட்படுத்தும் தமிழகச் சட்டம் வந்தது. சந்தைக் கழிவு நின்றதோடு சந்து மாடுகளுக்கான இலவசத் தீவனமும் போனது. தெருவில் திரியும் மாடுகளை மாநகராட்சி பிடித்துப் போகிறது. கோயம்பேட்டுக் கழிவின் ஒரு பகுதி எரிவாயு எடுக்கும் ஆலைக்குப் போனது.