இம்ப்ரெஷனிசம்

கேலியாகப் பிறந்த பெயர் இது. 1874இல் பாரிஸில், புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் ஓவியர் குழுவொன்று தானே கண்காட்சி நடத்தியது. அதில் மோனே வைத்த துறைமுகப் படத்தின் தலைப்பு 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்'. லூயி லெரூவா என்ற விமர்சகர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு நையாண்டி ஏட்டில் அத்தனை பேரையும் 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று கிண்டலடித்தார். ஓவியர்களோ அதையே சூடிக்கொண்டார்கள்.

'இம்ப்ரெஷன்' என்பதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்கு 'அழுத்திப் பதித்தல்' என்று பொருள். தமிழில் 'மனப்பதிவியம்' என்பார்கள்; 'பதி' என்ற வினை கச்சிதமாகப் பொருந்துகிறது.

எப்படி அடையாளம் காண்பது? கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரியைப் பனிமூட்டத்தில் ஒரு மனப்பதிவியர் வரைவதாக வையுங்கள். படகுக்குக் கோட்டு விளிம்பு இருக்காது. சின்னச் சின்னத் தீற்றல்கள் கலக்காமல் அருகருகே கிடக்கும். நிழல் கறுப்பாக இல்லாமல் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும். வெயில் ஏறிவிட்டால் அது வேறு படம். 1890-91இல் மோனே வைக்கோற்போர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தது இதற்காகத்தான்.

அதே படகின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் உடைத்து ஒரே தளத்தில் அடுக்கினால் அது கியூபிசம். அந்தப் பெயரும் ஏளனம்தான்: 1908இல் ஓவியர் பிராக்கின் படங்களைப் பார்த்து 'கனசதுரங்கள்' என்று எழுதினார் விமர்சகர் லூயி வோசெல். மூன்றாண்டுகளுக்கு முன் ஓவியர் மத்தீஸின் குழுவைக் 'காட்டுமிருகங்கள்' என்றவரும் இவரே. அந்தக் குழுவின் பாணிக்கு ஃபாவிசம் என்ற பெயர் அப்படி வந்தது.